தடயம் கூறும் உண்மை

மதுரை மாநகரிலே, பாண்டியன் அவையிலே, கண்ணகி தன் காற்சிலம்பை உடைத்தபோது தெறித்து வீழ்ந்தது மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பிலோ இருந்தவை முத்துப் பரல்கள். இரு சிலம்புகளும் வெவ்வேறானவை என்பதைக் காட்ட ஒரு கணமே போதுமாயிருந்தது. ஆயினும் அந்தச் சோதனை நிகழ்ந்த வேளையில் கோவலன் உயிரோடு இல்லை. பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லே சான்றாயிற்று. அயலூரான் என்ற நிலையே குற்றமாயிற்று. கையிலிருந்த பொருளை மட்டும் எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. சிலப்பதிகாரம் கூறும் இத்துயரத்துக்கு ஊழ்வினையே காரணம் என்பர். ஆராயாமையும் ஒரு காரணம் என்பதை மறுப்பாரில்லை.

சொல்லை மட்டும் நம்பாது, பொருளையும் பேச வைத்து உண்மை காணும் கலையே இன்று தடயவியல் எனப்படுகிறது. மண், மயிர், நூல், மை, கைவிரற் சுவடு, காலடி முதலிய சிறு பொருள்களை இரசாயனம், பௌதிகம், உயிரியல் ஆகிய துறைகளின் துணைகொண்டு ஆராய்ந்து, நீதிமன்றத்துக்கு உதவுவது அதன் தொழில். பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1910 ஆம் ஆண்டு இதற்கெனச் சிறியதோர் ஆய்வுகூடத்தை அமைத்தவர் எட்மண்ட் லொக்கார்ட் என்னும் அறிஞர். ஒரு பொருள் மற்றொன்றைத் தீண்டும்போது ஒன்றன் சுவடு மற்றதில் தங்கும் என்பது அவர் காட்டிய அடிப்படை. சந்தனக் கிண்ணத்தைத் தொட்ட விரலில் சந்தனமும், கிண்ணத்தில் விரற் சுவடும் தங்குவது போலென்று இதனைக் கூறலாம். இலங்கையிலே இத்தகைய ஆய்வுகளை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் செய்து வருகிறது.

இத்துணைக் கடினமான துறைக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது. வகுப்பறையில் ஒரு பேனா காணாமற் போகிறது. உடனே சில கண்கள் ஒரு பிள்ளையை நோக்கித் திரும்புகின்றன. அப்பிள்ளை எத்தகையது? பெரும்பாலும் கிழிந்த சட்டை அணிந்தது; அல்லது புதிதாக வந்து சேர்ந்தது; அல்லது முன்னொரு நாள் ஏதோ ஒரு தவறு செய்து அகப்பட்டது. பேனா மறுநாள் மேசையின் அடியில் கிடைத்தாலும், அந்தப் பிள்ளையின் மேல் விழுந்த பார்வையைத் திருப்பிப் பெற முடிவதில்லை. ஊர்களிலோ களவு போனால் வெற்றிலையில் மை பார்ப்போரும், கோவில் வாசலில் தேங்காய் உடைத்து முறையிடுவோரும் இன்றும் உளர். மனத்துயர் ஆறுவதற்கு அவை உதவலாம். ஆனால் மையிலே தெரிந்ததாகச் சொல்லப்படும் உருவத்தை இன்னொருவர் மீண்டும் சோதித்துப் பார்க்க வழியில்லை. எவரும் மீண்டும் செய்து பார்க்கக்கூடிய சோதனையே விஞ்ஞானம் என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே உணர வேண்டும்.

இதனை உணர்ந்த கல்வியாளர் பலர், கற்பனையான ஒரு மருமத்தை வகுப்பறையில் அமைத்து, அதனைத் துலக்கும் வழியாக விஞ்ஞானம் கற்பிக்கும் முறையைக் கைக்கொண்டனர். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், 1908 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே, தட்டில் பல பொருள்களைப் பரப்பி, சிறிது நேரம் பார்க்கச் செய்து, பின்னர் மூடிவிட்டு நினைவிலிருந்து கூறச் சொல்லும் விளையாட்டைச் சேர்த்தார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன்ஸ் விஞ்ஞான மண்டபம், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், மையைப் பிரித்துக் கடிதம் எழுதிய பேனாவைக் காணும் பாடத்தையும், கைவிரற் சுவடு பற்றிய பாடத்தையும் ஆசிரியர்களுக்காக வகுத்து வெளியிட்டது.

நம் நாட்டில் இத்தகைய பாடத்துக்கு ஏற்ற ஓர் ஊரைத் தேடினால் உடப்பு முன்வந்து நிற்கும். புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்த தமிழூர் அது. திரௌபதையம்மன் கோவிலும், ஆடி மாதத் தீமிதிப்பும் அவ்வூரின் பெயரைத் தொலைவிலும் பரப்பியவை. கரைவலை இழுப்போர் கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்தே மீன் வரவை அறிவர். சிறு குறி கண்டு பெரும் செய்தி உணரும் அந்தப் பழக்கமே தடயவியலின் முதற் படியாகும்.

உடப்பிலே ஒரு பாடசாலையின் ஏழாந் தரத்தில் இந்தப் பாடம் நடைபெறுவதாகக் கொள்வோம். திங்கட்கிழமை காலை. விஞ்ஞான மூலையில் வைத்திருந்த பெரிய சங்கைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், ‘பத்திரமாக இருக்கிறது’ என்று கறுப்பு மையினால் எழுதிய துண்டுத் தாள் ஒன்று கிடக்கிறது. சாளரத்தின் கீழே சிறிதளவு மணல். தட்டின் மேல் வெண்ணிறத் தூள். சாளரக் கொளுவியில் சிக்கிய நூலிழை. அருகிலிருந்த கண்ணாடிச் சாடியில் விரல் அடையாளம். ஐயத்துக்குரியோர் நால்வர்: அதிபர், விளையாட்டு ஆசிரியர், சங்கீத ஆசிரியை, நூலகப் பொறுப்பாசிரியர். நால்வரும் மனமுவந்து இந்த நாடகத்தில் பங்கு கொள்பவர்கள். பிள்ளைகளுள் எவரையும் விளையாட்டுக்காகவும் கள்வராக்கலாகாது என்பது இப்பாடத்தின் முதல் விதி. அதிபரையே ஐயுறும் உரிமை கிடைக்கும்போது பிள்ளைகளின் ஊக்கம் எத்துணை பெருகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வேலை, எதனையும் தொடாதிருத்தல். கயிறு கட்டி இடத்தைக் காத்து, நேரத்தைக் குறித்து, பொருள்கள் கிடந்தபடியே படம் வரைந்து, ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை அளந்து எழுத வேண்டும். அதன் பின்னரே ஒவ்வொரு பொருளையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் மேலே எழுத வேண்டும். ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்ற வரிசை அறுந்துவிட்டால், நீதிமன்றத்தில் அதன் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

இனிச் சோதனைகள். வெண்ணிறத் தூளின் மேல் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விடுகிறார்கள், நுரை எழவில்லை. ஆகவே அது அப்பச்சோடா அன்று. மற்றொரு சிட்டிகையின் மேல் ஆய்வுகூடத்து அயடீன் கரைசல் ஒரு துளி. உடனே கருநீல நிறம் தோன்றுகிறது. அயடீன் மாப்பொருளோடு சேரும்போது இந்நிறம் பிறக்கும். எனவே தூள் ஏதோ ஒரு மா. உப்பு, சீனி, சோடா, மா என்னும் நான்கையும் முன்னதாக இதே முறையில் சோதித்துக் குறித்து வைத்திருந்தாலன்றி இம்முடிவுக்கு வரவியலாது. அறிந்த பொருளோடு ஒப்பிட்டே அறியாத பொருளை அறிகிறோம்.

நூலிழையை ஆசிரியர் இடுக்கியாற் பிடித்துச் சுடரருகே காட்டுகிறார். பருத்தி நூலாயின் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இதுவோ சுருங்கி உருகி, ஆறியபின் கடினமான சிறு மணியாகிறது. வலை முடைவோர் வீட்டுப் பிள்ளைகள் சோதனை முடியுமுன்பே ‘நைலோன்’ என்று கூறிவிடுவர். நெருப்போடு கூடிய இச்சோதனையை ஆசிரியரே செய்ய வேண்டும்.

துண்டுத் தாளிலுள்ள மையைச் சோதிப்பது பிள்ளைகளின் கண்ணுக்கு விருந்து. ஒற்றுத்தாளை விரலகல நாடாவாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் மைப்பொட்டு இட்டு, பொட்டு நனையாதவாறு நுனியை மட்டும் நீரில் தோய்த்துத் தொங்கவிட வேண்டும். நீர் மேலேறும்போது மையின் நிறப்பொருள்களையும் தூக்கிச் செல்லும். தாளோடு இறுகப் பற்றுவது பின்தங்கும்; நீரோடு எளிதிற் கலப்பது முன்செல்லும். கறுப்பென்று தோன்றிய மை நீலமும் செந்நீலமும் மஞ்சளுமாகப் பிரியும். ரசியத் தாவரவியலறிஞர் மிகாயில் சுவெற் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலையின் நிறப்பொருள்களைப் பிரிக்கக் கண்ட முறையின் வழிவந்தது இது. குமிழ்முனைப் பேனாவின் மை நீரில் ஏறாது. ஆதலால் நீரிற் கரையும் மையையே பாடத்துக்குத் தெரிந்தெடுக்க வேண்டும். நால்வர் பேனாக்களையும் சோதித்தபோது அதிபர் பேனாவின் நிறப்பட்டைகளே துண்டுத் தாளின் பட்டைகளை ஒத்திருந்தன.

கண்ணாடிச் சாடியின் விரலடையாளத்தை வெளிப்படுத்தப் பென்சிலின் காரீயத் தூளே போதும். மெல்லிய தூரிகையால் தூளைத் தடவினால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பதிந்த கோடுகளில் அது ஒட்டும். ஒளி புகும் ஒட்டுநாடாவை அதன் மேல் அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் சுவடு தெளிவாகும். விரற்கோடுகள் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அமைந்து, வாழ்நாள் முழுவதும் மாறாதிருப்பவை. அவற்றின் அமைப்பு மூவகை: வளையம், சுழி, வில். நூறு விரல்களில் ஏறக்குறைய 60 முதல் 65 வரை வளையம். 30 முதல் 35 வரை சுழி. ஏறக்குறைய 5 வில். பிள்ளைகள் தம் விரல்களையே எண்ணி இக்கணக்கைச் சரிபார்க்கலாம். சாடியிலிருந்த சுழிச்சுவடு, கோடுகள் பிரியும் இடங்களையும் முடியும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கையில், சங்கீத ஆசிரியையின் சுவடோடு ஒத்தது.

இத்துறையின் வரலாற்றில் நம் அயல்நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1858 ஆம் ஆண்டு வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் பெற்றார். கல்கத்தாவில் 1897 ஆம் ஆண்டு விரற்சுவடு நிலையம் அமைந்தது. அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்திய உத்தியோகத்தர் பத்து விரல்களின் பதிவுகளை 1,024 அறைகளாகப் பகுத்து வைக்கும் கணக்கு முறையை உருவாக்க உழைத்தனர். ஆயினும் அம்முறை அவர்களின் மேலதிகாரி எட்வேர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் பரவியது.

இனி உடப்பு வகுப்புக்குத் திரும்புவோம். தடயங்கள் ஒவ்வொன்றும் ஒருவரைச் சுட்டுகின்றன. மை அதிபரை, விரற்சுவடு சங்கீத ஆசிரியையை, நைலோன் இழை கரப்பந்து வலையைத் தூக்கித் திரியும் விளையாட்டு ஆசிரியரை, மாத் தூள் புத்தகம் ஒட்டுவதற்கு மாப்பசை காய்ச்சும் நூலகப் பொறுப்பாசிரியரை. மணல் யாரைச் சுட்டுகிறது? தேசிக்காய்ச் சாறு விட்டபோது அதில் சிறு குமிழிகள் எழுந்தன. சிப்பித் துகளிலுள்ள கல்சியங் காபனேற்று அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிடுகிறது. எனவே அது கடல் மணல். ‘கடற்கரைக்குப் போனவரே கள்வர்’ என்று ஒரு பிள்ளை துள்ளி எழக்கூடும். ஆனால் உடப்பிலே கடல்மணல் இல்லாத முற்றம் ஏது? ஒழுங்கை ஏது? எல்லோர் காலிலும் ஒட்டியிருப்பது எவரையும் பிரித்துக் காட்டாது. கண்டியிலே அந்த மணல் அரிய தடயமாகலாம். உடப்பிலே அது தடயமே அன்று. ஒரு தடயத்தின் மதிப்பு அதன் அருமையைப் பொறுத்தது என்னும் பெருங்கருத்தை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

நான்கு தடயங்கள் நால்வரைச் சுட்டும்போது கள்வர் யார்? இங்கேதான் பாடத்தின் உச்சம். நால்வரையும் மீண்டும் உசாவும்போது உண்மை புலனாகிறது. சங்கின் விளிம்பில் வெடிப்பு இருந்ததை வெள்ளிக்கிழமை சங்கீத ஆசிரியை கண்டார். சாடியை நகர்த்தி வைத்துச் சங்கை எடுத்துப் பார்த்தார். நூலகப் பொறுப்பாசிரியர் அதன் பெயர்த்தாளைப் புதிதாக ஒட்டியிருந்தார். விளையாட்டு ஆசிரியர் வலையைச் சாளரத்தில் உலரவிட்டிருந்தார். வெடிப்புப் பெரிதாகாமலிருக்க அதிபர் சங்கைத் தம் அலுமாரியில் வைத்துவிட்டுத் துண்டுத் தாளை எழுதி வைத்தார். களவு என்பதே நிகழவில்லை. யார் கள்வர் என்று எல்லோரும் வினவினர்; களவு நடந்ததா என்று வினவியவர் எவருமில்லை. விரற்சுவடு, தொட்டதற்குச் சான்று, எடுத்ததற்குச் சான்றன்று. மை, எழுதியதற்குச் சான்று, களவாடியதற்குச் சான்றன்று.

இது பிள்ளைகளின் விளையாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. 1898 ஆம் ஆண்டு வங்காளத்து ஜல்பாய்குரிப் பகுதியில் தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் கொலையுண்ட வழக்கில், பஞ்சாங்கம் ஒன்றில் பதிந்திருந்த விரலடையாளம் அவரிடம் முன்னர் வேலை செய்த ஒருவனுடையது எனக் கண்டனர். நீதிமன்றம் அவனைக் களவுக் குற்றத்துக்கே தண்டித்தது; கொலைக் குற்றத்துக்கு அச்சான்று போதாதெனக் கொண்டது. நூறாண்டுகளுக்குப் பின்னரும் இப்பாடம் பழமையாகவில்லை. 2004 ஆம் ஆண்டு மாட்ரிட் நகர ரயில் குண்டு வெடிப்புகளில் கிடைத்த ஒரு விரற்சுவடு தம் நாட்டு வழக்கறிஞர் பிரண்டன் மேபீல்டுடையது என்று அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை பிழையாக முடிவு செய்து, அவரைத் தடுத்து வைத்தது. ஸ்பானியப் பொலிசார் அச்சுவடு வேறொருவருடையது எனக் கண்டபின், அத்துறை அவரிடம் மன்னிப்புக் கோரியது.

மேல்வகுப்பு மாணாக்கருக்கு இலங்கை வழக்கொன்றையும் எடுத்துக் காட்டலாம். 1951 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆந் திகதி கொழும்பு பம்பலப்பிட்டியில் நிகழ்ந்த கொலையின் பேரில், புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம், தம் மனைவியைக் கொன்றாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டார். மரணம் நிகழ்ந்த நேரமே வழக்கின் உயிர்நிலை. சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. த சேரம் ஒரு கணிப்பைக் கூறினார். எடின்பரோவிலிருந்து வந்து எதிரி தரப்பிற் சாட்சியளித்த சர் சிட்னி ஸ்மித், நேரத்தை அத்துணைத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்றார். 1953 ஆம் ஆண்டு சதாசிவம் குற்றவாளியல்லர் என விடுதலையானார். பேரறிஞர் இருவர் ஒரே உடலின் சான்றுகளைக் கொண்டு வேறுபட்ட முடிவுகளுக்கு வரக்கூடும் என்பதையும், ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லுக்கு ஓர் உயிரின் விலை உண்டு என்பதையும் அவ்வழக்கு உணர்த்தியது.

தமிழ்நாட்டுப் பழங்கதையாகிய அலகேச கதையில், தொலைந்த ஒட்டகத்தை நேரிற் காணாமலே அதன் முடத்தையும் குருட்டையும் சொல்லிவிட்ட நால்வர், அதன் காரணமாகவே கள்வரென்று பிடிக்கப்பட்டனர். அடிச்சுவடு ஒன்று குறைந்திருந்தமையும், வழியின் ஒரு பக்கத்து இலைகள் மட்டுமே மேயப்பட்டிருந்தமையும் காட்டி, கண்டது இது, அதிலிருந்து கொண்டது இது என்று அரசன் முன் பிரித்துரைத்தபோது விடுதலை பெற்றனர். பிள்ளைகளின் குறிப்பேட்டிலும் இவ்விரு பத்திகள் இருத்தல் வேண்டும்: ஒன்றில் கண்டவை, மற்றதில் கருதியவை. ‘சாளரக் கொளுவியில் நூலிழை இருந்தது’ என்பது முதற் பத்திக்குரியது. ‘விளையாட்டு ஆசிரியர் சாளரம் வழியாக ஏறினார்’ என்பது இரண்டாவதற்குரியது. இரண்டாம் பத்தியில் எழுதியதை முதற் பத்தியில் எழுதாதிருக்கக் கற்ற பிள்ளை, பாதி விஞ்ஞானியாகிவிட்டது எனலாம்.

ஆசிரியர் மனத்திற் கொள்ள வேண்டியவை இன்னுஞ் சில. குருதி, கொலை முதலியவற்றை இளம் பிள்ளைகளின் பாடத்திற் புகுத்த வேண்டியதில்லை. ஒரு சங்கும் துண்டுத் தாளுமே போதியவை. பிள்ளைகளின் விரற்பதிவுகளைப் பாடம் முடிந்ததும் அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் உண்மையாகவே ஒரு பொருள் காணாமற் போனால் இம்முறையைக் கொண்டு பிள்ளைகளை விசாரிக்கத் தலைப்படலாகாது. அது பெரியோர் பொறுமையோடு தீர்க்க வேண்டிய காரியம்.

குற்றவாளியைப் பிடிப்பதற்கே தடயவியல் உள்ளது என்று பலர் எண்ணுவர். சீன நாட்டு நீதிபதி சொங் சி 1247 ஆம் ஆண்டு எழுதிய பழைமையான தடயவியல் நூலின் பெயரோ, ‘அநீதியைக் கழுவுதல்’ என்னும் பொருளுடையது. மரபணுச் சோதனையை அலெக் ஜெப்ரீஸ் 1984 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டார். இரண்டு ஆண்டுகளின் பின், கொலை வழக்கொன்றில் அச்சோதனை முதன்முதலாகப் பயன்பட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலமும் அளித்திருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவன் குற்றமற்றவன் என்பதை அது நிலைநாட்டியது. உண்மைக் குற்றவாளி அதன் பின்னரே அகப்பட்டான்.

உடப்புப் பிள்ளைகளுள் எத்தனை பேர் தடயவியல் அறிஞராவர் என்பது பெரிதன்று. அவர்களுள் சிலர் ஆசிரியராவர். சிலர் பொலிஸ் உத்தியோகத்தராவர். சிலர் வலை இழுப்பர். எல்லோரும் ஒரு நாள் பெற்றோராவர், அயலவராவர். ஒருவன் மேல் பழி எழும் வேளையில், ‘கண்டது என்ன, கருதியது என்ன?’ என்று கேட்கும் ஒரு குரல் ஊரிலே இருக்குமாயின், அப்பழி ஆராயப்பட்ட பின்னரே தீர்ப்பாகும்.